சோழியும் தொலைநோக்கியும்

கடலூரில், கெடில நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் 1690-ஆம் ஆண்டில் மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்ற கோட்டை அது. 1746-இல் சென்னைப் பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலக் கும்பினியாரின் தலைமை இடம் இந்தக் கோட்டைக்கு மாறியது. 1752 வரை இங்கேயே இருந்தது. பிறகு 1758-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். சரித்திர பாடத்தில் உள்ள செய்தி இது. நானும் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதே 1758-ஆம் ஆண்டில் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. லண்டனில் ஜான் டாலண்ட் என்னும் கண்ணாடி வினைஞர், இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து, பொருள்களின் ஓரத்தில் வண்ணக் கறை தோன்றாத வில்லைக்குத் தனியுரிமை பெற்றார். அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு ஜெர்மனியில் பாலிட்ஷ் என்னும் குடியானவர் வானத்தில் ஒரு வால்மீனைக் கண்டார். 1758-ஐ ஒட்டி அது திரும்பி வரும் என்று எட்மண்ட் ஹாலி 1705-லேயே எழுதியிருந்தார். நமது கரையில் கோட்டைகள் இடிந்துகொண்டிருந்த காலமும், மேனாட்டில் வானசாஸ்திரம் புதிய கண் பெற்ற காலமும் ஒன்றே. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடம் கடலூருக்கு வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் உள்ள புதுச்சேரி. அந்தச் சந்திப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

இதைப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடந்து சென்றது. சூரியனுக்கும் பூமிக்கும் நேர் நடுவே சுக்கிரன் வரும்போது, சூரிய வட்டத்தின்மீது அது ஒரு சிறு கரும்புள்ளியாக ஊர்ந்து செல்லும். இதைச் சுக்கிரக் கடப்பு என்பர். 122 ஆண்டுகளுக்குப் பிறகு நிகழ்ந்த அக்காட்சியை, பள்ளி மைதானத்தில், ஒரு சிறிய தொலைநோக்கியின் வழியாக வெள்ளைத் தாளின்மீது விழச் செய்து மாணாக்கருக்குக் காட்டினேன். மேகம் வருவதும் விலகுவதுமாக இருந்தது. சூரியன் பூமியிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வழக்கம்போல் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, அவ்வளவு தூரத்தை யார் போய் அளந்தார்கள்?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, எழுதிக்கொள்" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொண்டாள். ஆசிரியர் பயிற்சி பெற்று இருபது ஆண்டுகள் கணிதமும் விஞ்ஞானமும் போதித்திருந்தவன் நான். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடை, அவள் கண்முன் விரித்திருந்த அந்தத் தாளிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது என்பதை அன்று மாலை வீட்டில் படித்த பிறகுதான் அறிந்தேன்.

அந்த விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு வட்டக் காகிதத்தைக் கண்ணிலிருந்து 107 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்திப் பாருங்கள். அது முழு நிலவை ஏறக்குறைய மறைத்துவிடும். சூரியனும் நமக்கு நிலவின் அளவாகவே தோன்றுகிறது. (சூரியனைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யலாகாது, கண் பழுதாகும்.) எனவே, சூரியன் தன் குறுக்களவைப்போல் சுமார் 107 மடங்கு தூரத்தில் இருக்கிறது. குறுக்களவு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிட்டால், அதை 107-ஆல் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். குறுக்களவைத் தெரிந்துகொள்ளத்தான் சுக்கிரனின் உதவி வேண்டும்.

கிரகங்கள் சூரியனைச் சுற்றிவரும் காலத்திலிருந்து அவற்றின் தூரங்களின் விகிதத்தைக் கணிக்கலாம் என்று கெப்ளர் காட்டியிருந்தார். சூரியனிலிருந்து பூமிக்கு உள்ள தூரத்தை 100 பங்கு என்று கொண்டால், சுக்கிரன் 72-ஆம் பங்கில் இருக்கிறது. கடப்பின்போது சுக்கிரனிலிருந்து நமக்கு 28 பங்கு. விகிதம் தெரியும், ஒரு பங்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் தெரியாது. இப்போது உங்கள் விரலை முகத்துக்கு நேரே நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். பின்னே உள்ள சுவரில் விரல் இடம் மாறித் தோன்றும். விரல்தான் சுக்கிரன், சுவர்தான் சூரியன். பூமியில் வடக்கும் தெற்குமாக 1,000 கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவரே அந்த இரண்டு கண்கள். 28-க்கு 72 என்ற விகிதப்படி, அவ்விருவருக்கும் சூரியன்மீது சுக்கிரன் தோன்றும் இடங்கள் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் விலகியிருக்கும். அந்த இடைவெளி சூரிய வட்டத்தின் அகலத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளந்துவிட்டால், சூரியனின் குறுக்களவு கைக்கு வந்துவிடுகிறது.

அந்த இடைவெளியோ மிக மிகச் சிறியது. ஆகவே புள்ளியின் இடத்தை நேரே அளப்பதைவிட, அது வட்டத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இரண்டு இடங்களிலும் கடிகாரத்தால் அளந்து ஒப்பிடுவது நல்லது என்று 1716-இல் ஹாலி யோசனை கூறினார். தம் வாழ்நாளில் கடப்பு நிகழாது என்று அறிந்தே அதை எழுதினார், 1742-இல் காலமானார். சுக்கிரக் கடப்பு எட்டு ஆண்டு இடைவெளியில் இரட்டையாக வரும். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் வராது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது நிகழ்ந்த ஆண்டுகள் 1761, 1769. அவற்றை அளப்பதற்காக உலகத்தின் பல மூலைகளுக்கும் ஆட்கள் கப்பலேறிச் சென்றார்கள். அவர்களுள் ஒருவர் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். அவர் பெயர் லெ ஜென்டில். பாரிஸ் விஞ்ஞான அகாதெமியைச் சேர்ந்தவர்.

அவர் 1760 மார்ச்சு மாதம் பிரான்சிலிருந்து புறப்பட்டு, ஜூலையில் இப்போது மொரீஷியஸ் எனப்படும் தீவை அடைந்தார். அப்போது நமது கரையில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. அவ்வாண்டு ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றுவிட்டார். ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்துக்கொண்டனர். 1761 ஜனவரி 16-ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. தேவனாம்பட்டினக் கோட்டையை இடித்ததற்குப் பழி தீர்ப்பதுபோல், அவர்கள் புதுச்சேரிக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். இது தெரியாமல் மார்ச்சு மாதத்தில் ஒரு போர்க்கப்பலில் ஏறிப் புறப்பட்ட லெ ஜென்டில், எதிர்க்காற்றில் அலைந்து, மே மாத இறுதியில் மலையாளக் கரையில் உள்ள மாஹிக்கு அருகே வந்தபோதுதான் மாஹியும் புதுச்சேரியும் பறிபோன செய்தியைக் கேட்டார். கப்பல் திரும்பிவிட்டது.

ஜூன் 6-ஆம் நாள் கடப்பு நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் நிர்மலமாக இருந்தது. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் கண்ணாரக் கண்டார், நேரங்களையும் குறித்துக்கொண்டார். ஆனால் அவை பயன்படவில்லை. ஊசல் கடிகாரம் அசையும் கப்பலில் ஒழுங்காக ஓடாது. அதைவிட முக்கியம், தாம் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகை இன்னதென்று உறுதியாகத் தெரியாது. இரண்டு கண்களில் ஒன்று எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் கணக்குப் போடுவது எப்படி? கடலில் தீர்க்கரேகை காண உதவும் கடிகாரத்தை ஆங்கிலேயத் தச்சர் ஜான் ஹாரிசன் அப்போதுதான் செய்து முடித்திருந்தார். அதே 1761-ஆம் ஆண்டின் இறுதியில் அது சோதனைக்காக ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, 81 நாளில் ஐந்து வினாடி மட்டுமே பின்தங்கியது. அப்படியொரு கடிகாரம் லெ ஜென்டிலிடம் இல்லை.

நிலத்தில் நின்றவர்களுக்கு அன்று வாய்ப்பு இருந்தது. சென்னையில் வில்லியம் ஹர்ஸ்ட் என்னும் பாதிரியார் கவர்னர் மாளிகையிலிருந்து கடப்பைப் பார்த்துக் குறித்தார். தரங்கம்பாடியில் டேனிய மிஷனைச் சேர்ந்தவர்களும் பார்த்தார்கள். ஆகவே, சூரியனை அளக்கும் பணியில் நமது சோழமண்டலக் கரையும் 1761-லேயே பங்கு கொண்டது.

லெ ஜென்டில் ஊர் திரும்பவில்லை. அடுத்த கடப்புக்கு எட்டே ஆண்டுகள்தாமே, காத்திருப்போம் என்று முடிவு செய்தார். மடகாஸ்கர் முதலிய தீவுகளை ஆராய்ந்தார். 1766-இல் மணிலாவுக்குச் சென்றார். அகாதெமியின் விருப்பப்படி அங்கிருந்து கிளம்பி, 1768 மார்ச்சு 27-ஆம் நாள் ஒருவாறு புதுச்சேரியில் வந்து இறங்கினார். சமாதான உடன்படிக்கையின்படி நகரம் மறுபடி பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்திருந்தது. கவர்னர் லா அவரை அன்போடு வரவேற்றார். இடிந்த கோட்டையின் கனத்த சுவர்களின்மீதே அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் எழும்பியது. இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோட்டையைத் தகர்த்த ஆங்கிலேயரே, சென்னையிலிருந்து அவருக்கு ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பி உதவினார்கள். வண்ணக் கறை இல்லாத புதுவகை வில்லை பூட்டியது அது; கடலூர்க் கோட்டை இடிந்த ஆண்டில் டாலண்ட் உரிமை பெற்றாரே, அந்த வகை.

1769-ஆம் ஆண்டு மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிந்திருந்தது. ஜூன் 3-ஆம் நாள் மாலையும் நன்றாகவே இருந்தது. மறுநாள் சூரியன் உதிக்கும்போதே சுக்கிரன் அதன்மேல் இருக்கும். சுமார் ஏழு மணிக்கு விலகிவிடும். பின்னிரவில் கண் விழித்துப் பார்த்தபோது மேகம் மூடியிருந்தது. காற்று எழுந்தது. கடப்பு முடியும்வரை சூரியன் தெரியவில்லை; முடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் வெயில் பளிச்சென்று அடித்தது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததென்று பிறகு தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் நாட்குறிப்பு எழுத முடியவில்லை. 1771 அக்டோபரில் பிரான்சை அடைந்தபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி வாரிசுகள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். பதினொன்றரை ஆண்டுப் பயணம் இவ்வாறு முடிந்தது.

வானம் அவரை ஏமாற்றியது. ஆனால் காத்திருந்த காலத்தில், தாம் தேடி வராத ஒன்றை அவர் கண்டுகொண்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர்கள், எழுதுகோலும் தாளும் இன்றி, தரையில் உட்கார்ந்து, சோழிகளை வரிசை வரிசையாக வைத்தும் நகர்த்தியும், வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே, கிரகண காலத்தைக் கணித்துவிடுவதைப் பார்த்து வியந்தார். அந்த முறையைக் கற்றுக்கொள்ள விரும்பி, முயன்று கற்றும் கொண்டார். நாடு திரும்பியபின் தமிழரின் வானநூலைப் பற்றி அகாதெமிக்கு ஒரு நீண்ட கட்டுரை அளித்தார்.

அவர் கண்டது வாக்கிய முறை. அதன் நுட்பத்தைச் சிறிது விளக்குகிறேன். சந்திரன் பூமியைச் சுற்றும்போது ஒரு சமயம் நெருங்கி வந்து வேகமாகவும், ஒரு சமயம் விலகிப் போய் மெதுவாகவும் செல்கிறது. நெருங்கிய நிலையிலிருந்து மறுபடி நெருங்கிய நிலைக்கு வர 27 நாள் 13 மணி 19 நிமிடம் ஆகும். இப்படி ஒன்பது சுற்று முடிய ஏறக்குறைய 248 நாள். வித்தியாசம் 13 நிமிடம் மட்டுமே. ஆகவே, 248 நாள்களுக்கு ஒவ்வொரு நாளும் சந்திரன் எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்று ஒரு முறை கணித்து வைத்துவிட்டால், அடுத்த 248 நாளுக்கும் அதே அட்டவணை உதவும். அந்தச் சிறு வித்தியாசமும் சேராதபடி மற்றொரு பெரிய சுழற்சியும் வைத்தார்கள்: 3,031 நாளில் 110 சுற்று. இதில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இந்த எண்களைக் கண்டவர்கள் எத்தனை தலைமுறை வானத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

248 எண்களை மனப்பாடம் செய்வது கடினம். 248 சிறு வாக்கியங்களை மனப்பாடம் செய்வது எளிது. அதற்காக வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பைக் கொடுத்தார்கள். உதாரணமாக, க என்றால் 1, ம என்றால் 5, ல என்றால் 3. 'கமல' என்னும் சொல்லை வலமிருந்து இடமாகப் படித்தால் 351 ஆகிறது. இப்படிப் பொருளுள்ள சிறு தொடர்களில் எண்களை ஒளித்து வைத்தார்கள். கணிப்பவர் வாயில் வாக்கியம். தரையில் இராசி, பாகை, கலை என்ற வரிசைப்படி சோழி. கூட்டலும் கழித்தலும் சோழியில் நடக்கும். அட்டவணை நினைவில் இருக்கும். அவர்கள் பாடியது பாட்டன்று, எண் அட்டவணை.

இதன் விளைவு எவ்வளவு சரியாக இருந்தது? 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறைப்படி கணித்தபோது, அது உண்மையைவிட 41 வினாடி குறைவாக வந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே சிறந்தவை எனப் பெயர் பெற்றவை ஜெர்மானியர் டோபியாஸ் மேயர் இயற்றிய சந்திர அட்டவணைகள். அவற்றின்படி கணித்தால் 68 வினாடி அதிகமாக வந்தது.

இந்தச் செய்தியைப் பலர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் முழுச் செய்தியன்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, முன்பு சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயரைச் சாமிநாதன் சேஷையா என்று கொள்ளத்தக்க விதத்தில் வாரன் எழுதியிருக்கிறார். அவர் சோழிகளை வைத்து, 1825 மே 31, ஜூன் 1 நாள்களை ஒட்டி நிகழும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். மத்தியில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். அச்சிட்ட அட்டவணை ஒன்றுமின்றி, நினைவையும் சோழியையும் மட்டும் கொண்டு இவ்வளவு நெருங்கியது அரிய சாதனையே. ஆயினும் 1765-இன் 41 வினாடியை மட்டும் சொல்லி, 1825-இன் 52 நிமிடத்தை மறைப்பது முறையாகாது.

வாரன் இன்னொன்றும் குறித்திருக்கிறார். அந்தப் பெரியவருக்கு நினைவாற்றல் அபாரம். கை வேகம் அபாரம். ஆனால் தாம் செய்யும் கணக்கின் காரணம் தெரியாது. எந்த எண்ணைக் கூட்ட வேண்டும் என்று தெரியும். ஏன் கூட்ட வேண்டும் என்று தெரியாது. இதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, எழுதிக்கொள்" என்று சொன்னவன் நினைவுக்கு வந்தான்.

காரணம் தெரிவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். முதலில் சொன்ன வால்மீனை எடுத்துக்கொள்வோம். அது சரியாக எப்போது சூரியனை நெருங்கும் என்று கணிக்க, பிரான்சில் கிளேரோ என்னும் கணித அறிஞர் முயன்றார். லலாந்து என்பவரும், நிக்கோல் ரேன் லெபோத் என்னும் பெண்மணியும் மாதக்கணக்கில் உடன் உழைத்தனர். 1759 ஏப்ரல் நடுவில் நெருங்கும் என்று விடை வந்தது. வால்மீனோ மார்ச்சு 13-ஆம் நாளே நெருங்கிவிட்டது. ஒரு மாதப் பிழை! எண்ணை மட்டும் பார்த்தால், 41 வினாடியில் பிழைத்த சோழிக் கணக்கு எவ்வளவோ மேல். ஆனால் கிளேரோவின் கணக்கு எந்தக் காரணத்திலிருந்து பிறந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சூரியனும் வியாழனும் சனியும் வால்மீனை இழுக்கும் இழுப்பைக் கணித்துப் பெற்றது அது. ஆகவே பிழை எங்கே புகுந்தது என்று தேட முடிந்தது. சனியின் எடை சரியாகத் தெரியவில்லை. சனிக்கு அப்பாலும் கிரகங்கள் இருக்கின்றன என்பதே அப்போது தெரியாது. தேடியவர்கள் திருத்தினார்கள். திருத்திய கணக்கில் பிழை வரவரக் குறைந்தது.

காரணம் மறந்துபோன கணக்கில் பிழை வரவரக் கூடும். நாளொன்றுக்கு ஒரு வினாடி பின்தங்கும் கடிகாரம் ஓராண்டில் ஆறு நிமிடம் பின்தங்கிவிடும். யாரும் திருப்பி வைக்காவிட்டால் அது தானாகச் சரியாவதில்லை. இன்றும் தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இரண்டு இருப்பதை அறிவோம். சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரியில். வாக்கியப்படி அவ்வாண்டு டிசம்பரில். வழிபாட்டுக்கு எதைக் கொள்வது என்பது அவரவர் மரபு. அதில் நான் தலையிடவில்லை. பதினொரு மாத வித்தியாசம் எப்படி வந்தது என்பதை மட்டும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்கிறேன்.

நம் முன்னோர் திருத்தவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கேரளத்தில் பரமேசுவரர் என்னும் பேரறிஞர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துவராததைக் கண்டு, 1431-ஆம் ஆண்டில் திருத்திய முறையொன்றை வகுத்தார். அதற்குத் திருக்கணிதம் என்றே பெயர். கண்ணுக்கு ஒத்த கணிதம் என்பது பொருள். ஆகவே ஏன் என்று கேட்பதும் நம் மரபே. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரித் திண்ணைக்கு வந்து சேர்ந்தபோது விடை மட்டும் வந்தது. கேள்வி வழியில் நின்றுவிட்டது.

அந்தக் கேள்வியை மீண்டும் எடுத்தவர் ஒருவரையும் நினைவு கூர்தல் வேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாய்வுக்கூடத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874-ஆம் ஆண்டுச் சுக்கிரக் கடப்பு நெருங்கியபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கி ஒரு சிற்றேடு எழுதி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். பஞ்சாங்கத்தை வானத்துக்கு ஒத்தபடி திருத்தவும் பாடுபட்டார். சோழிக் கணக்கின் மரபும் தொலைநோக்கியும் அவர் ஒருவரிடம் கூடின.

லெ ஜென்டில் தவறவிட்ட கடப்பை மற்றவர்கள் அளந்தார்கள். 1769-ஆம் ஆண்டு அளவுகளைச் சேர்த்து, ஆக்ஸ்போர்டு அறிஞர் தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771-இல் சூரியனின் தூரத்தை 9 கோடியே 37 லட்சம் மைல் என்று கணித்தார்; நம் அளவில் ஏறத்தாழ 15 கோடியே 8 லட்சம் கிலோமீட்டர். இன்று அறிந்த அளவு 14 கோடியே 96 லட்சம். நூற்றுக்கு ஒன்றுகூடப் பிழையில்லை. அந்த மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: யாரும் போய் அளக்கவில்லை, பலர் தத்தம் இடத்தில் நின்று அளந்து, பின்பு ஒன்று சேர்த்தார்கள்.

2012 ஜூன் 6-ஆம் நாள் இரட்டையில் இரண்டாவது கடப்பு நிகழ்ந்தது. விடியுமுன் மாணாக்கரை அழைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். முன்பு கேள்வி கேட்ட பெண் அப்போது டில்லியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளும் இங்கே நாங்களும் ஒரே நிமிடத்தில், 15 சென்டிமீட்டர் வட்டத்தில், சுக்கிரன் இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்தோம். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது புள்ளிகள் ஒன்றரை மில்லிமீட்டர் விலகியிருந்தன. அதாவது வட்டத்தின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு. டில்லிக்கும் கடலூருக்கும் சுமார் 1,900 கிலோமீட்டர்; சூரியன்மீது அது ஏறக்குறைய 5,000. எனவே சூரியனின் குறுக்களவு 5 லட்சம் கிலோமீட்டர். தூரம் 5 கோடியே 35 லட்சம். உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான்!

பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. பிழை எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு வாரம் விவாதித்தார்கள். இறுதியில் ஒரு பையன் திருப்பிக் கணக்குப் போட்டுக் காட்டினான்: உண்மைத் தூரத்துக்கு அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர்தான் இருந்திருக்க வேண்டும், எங்கள் பென்சில் முனையே அவ்வளவு தடிமன். இடத்தை அளப்பதைவிட நேரத்தை அளப்பது நல்லது என்று ஹாலி ஏன் சொன்னார் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது; எனக்கும்தான்.

அடுத்த சுக்கிரக் கடப்பு 2117-ஆம் ஆண்டு டிசம்பரில். அதை நானும் காணப்போவதில்லை. அந்தப் பிள்ளைகளும் காணப்போவதில்லை. ஆனால் சந்திர கிரகணம் அடிக்கடி வருகிறது. அதற்குக் கருவியும் வேண்டாம், கண்ணுக்கு அபாயமும் இல்லை. அடுத்த கிரகணத்தன்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு கடிகாரத்தோடு வீட்டுப் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். வானமும் பஞ்சாங்கமும் ஒத்தால் மகிழுங்கள். ஒவ்வாவிட்டால், ஏன் என்று அவர்கள் கேட்கும்வரை சற்றுக் காத்திருங்கள்.